மெதுவாகக் கூட்டிய வெளிச்சம்

ஜனவரி 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் நலம். உன் வாய்க்கொழுப்பும் நலமாகவே இருக்கும். "அங்க என்னதான் பண்றா அவ?" என்று அப்பா கேட்டாராமே. இதைப் படித்துக் காட்டு.

லேசர் வெளிச்சத்தாலேயே முட்டை அட்டை மாதிரி குழிகள் செய்கிறோம். பனிக்கட்டியெல்லாம் நெருப்பு என்று தோன்றும் அளவுக்குக் குளிரவைத்த அணுக்களை அதில் உட்காரவைக்கிறோம். வெளிச்சத்தைச் சட்டென்று கூட்டினால் சூடாகிக் கலைந்துவிடும். மெதுவாகக் கூட்டினால் அதுகளுக்குக் கூட்டியதே தெரியாது. அவசரக்குடுக்கை என்பீர்களே, என் பிழைப்பே இப்போது பொறுமைதான்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 19

அக்காவுக்கு,

உன் கடிதம் தபாலில் வந்தது, படித்துக் காட்டினேன். இனி மெயிலிலேயே எழுது, உடனே வந்துவிடும். "முட்டையே இல்லாத அட்டைக்கா இவ்வளவு படிப்பு?" என்று அப்பா சிரித்தார். அவருக்கு லேசாக இருமல். கவலைப்படாதே.

தம்பி

பிப்ரவரி 2

அக்கா,

இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். தூங்கிக்கொண்டே இருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

பிப்ரவரி 7

தம்பி,

ஏன்டா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய்? பன்னிரண்டாம் தேதி வருகிறேன். அணுக்கள் கிடக்கட்டும். அப்பா காதில் சொல், "பெரியவ கிளம்பிட்டா" என்று.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

நீ வந்து காலிக் கட்டிலைப் பார்க்கக் கூடாது. அப்பா ஜனவரி பதினாறாம் தேதியே போய்விட்டார். செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பெரியவளுக்கு உடனே சொல்லிடு" என்றார். அவ்வளவுதான்.

அம்மா போன செய்தியைப் போனில் கேட்டு நீ விழுந்தவள், மாசக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தாங்கமாட்டாய் என்று பயந்தேன். மெதுவாகக் கூட்டினால் தெரியாது என்று நீதானே எழுதினாய். அப்படியே கூட்டினேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் போனை எடுக்கவில்லை. திட்டு அக்கா, வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 10

தம்பி,

திட்டவில்லை. பயந்துதான் செய்தாய், புரிகிறது. ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். ரொம்ப மெதுவாகப் போனாலும் கெட்டுவிடும். காத்திருக்கும் நேரத்தில் அந்த வெளிச்சமே சூடேற்றும். அணுக்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். கடைசியில் வெறும் குழிகள்தான் மிஞ்சும்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். யாரைப் பார்க்க வருவது?

அந்த முட்டை அட்டைப் பேச்சை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், எங்கப்பா சொன்னார் என்று. நான் தபாலில் போட்ட கடிதம் அவர் இருக்கும்போதே வந்துவிட்டதுதானே? அது மட்டும் அப்பா சொன்னதுதானே? உடனே எழுது. மெதுவாக வேண்டாம்.

அக்கா

பிப்ரவரி 10

இல்லை அக்கா. நான் சொன்னது.

தம்பி