தூசி எண்ணும் பெட்டி

மார்ச் 4

அன்புள்ள பேக்கரிக்காரருக்கு,

இல்லை, நான் உங்களை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. குளித்துவிட்டுக் கட்டிலில் உட்காருங்கள் என்றேன். அதற்குப் போய்த் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடை மாடிக்குக் குடிபோனது நீங்கள்.

போனில் வாய் திறந்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுத்தில். சண்டை நடந்த அன்று காலை தொழிற்சாலையில் முகமூடி, கையுறை, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, எல்லாம் மாட்டிக்கொண்டு தூசி படாத அறைக்குள் போனேன். தூசி எண்ணும் பெட்டி அலறியது. என் பின்னலுக்குள் உங்கள் மைதா.

நாங்கள் பாகம் பாகமாகப் பூட்டுவது வெற்றிடக் கருவி. அதற்குள் காற்றே இருக்கக் கூடாது. மைதா இருக்கலாமா? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கருவியைக் கடைசியாகப் பூட்டி மூடும் மேசை வேலை எனக்கு வரவேண்டியது. "பார்க்கலாம்" என்றுவிட்டார் மேற்பார்வை அக்கா.

கோபம் இருக்காதா?

முகமூடிக்காரி


மார்ச் 7

முகமூடிக்காரிக்கு,

நலம். இங்கே யாரும் மாவை எடுக்கிறேன் என்று என் முதுகில் ஒட்டுநாடாவை உருட்டிப் பிய்ப்பதில்லை. நாற்காலியைத் தொட்டால் விரல் ரேகை படும் என்று பதறுவதில்லை. நீ முத்தம் கொடுக்கும்போதுகூட மூச்சை அடக்கிக்கொள்கிறாய், தெரியுமா?

மாவு என் தொழில். வாசலில் உதறிவிட்டு வர அது மழைத்துளி இல்லை.

கட்டட உரிமையாளர் இந்த அறையை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

உன் வீட்டுக்காரன் (இன்னும்)


மார்ச் 9

அன்புள்ள பேக்கரிக்காரருக்கு,

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. மேசையும் எனக்கே கிடைத்துவிட்டது. நாளை முதல் அங்கேதான்.

நேற்று இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். பழக்கதோஷம். வேறொன்றும் இல்லை.

முகமூடிக்காரி


மார்ச் 13, சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

பெட்டி மறுபடி அலறியது. மேசைக்குப் போன நாளிலிருந்து தினமும்.

உங்கள்மேல் பழிபோட வழியில்லை. பின்னலை அவிழ்த்துப் பார்த்தார்கள், சுத்தம். கையுறையை மாற்றினார்கள். கூரையில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அக்காவே எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் பாட்டுக்குப் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, யார்கிட்ட பேசிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"முகமூடி அப்படி ஆடுது. இவ்வளவு பேசினா எச்சில் தெறிக்காதா, பெட்டி கத்தாதா? யாருன்னு சொல்லு."

"வீட்டுக்காரர்கிட்டக்கா."

"அவர் என்ன சொல்றாரு?"

"அவரை எங்க பேச விட்டேன்!"

அக்கா சிரிக்கவில்லை. முடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம், "போய் நேர்ல திட்டிட்டு வா. அதுவரைக்கும் இந்த மேசைப் பக்கம் வராத" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் இருந்தவரை, மனதில் இருந்த எல்லாவற்றையும் சாயங்காலமே கொட்டித் தீர்த்துவிடுவேன். காலையில் வாயில் ஒரு சொல் மிஞ்சியிருக்காது. கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். இப்போது பளபளக்கும் வீட்டில் யாரைத் திட்டுவது? சுவரையா?

இது என் மேசைக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நாளை கட்டட உரிமையாளரிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளியல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பின்னலில் மாவு படாமல் இருக்க, இனி நான் தலையில் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறேன். கட்டிலில் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.

திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. காகிதம் போதாது.

உங்கள் முகமூடிக்காரி

பி.கு: இதை உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளப்போகிறேன். கதவைத் தட்டப்போகிறேன்.