நாலாவது பெயர்

கெல்சென்கிர்ச்சன், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆரணிக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அங்கே அமெரிக்காவில் சுகமாக இருக்க அம்மன் துணை. நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு நிருஷா எழுதுகிறாள், எழுத்துப் பிழை அவளுடையது, கதைப் பிழை என்னுடையது. கண்ணுக்கு இருபத்தோராம் திகதி டொக்டரிடம் ரெர்மின். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

என்ரை தாய் தகப்பன் ஆர் என்று நீ போனில் கேட்டபோது மறுமொழி சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன், கோபமில்லை. உன்னிடம் படிக்கிற, அந்த மண்ணின் பழங்குடியான நவாஹோப் பிள்ளை ஷான்டீன் கணக்கில் முதலாவதாக வந்து பல்கலைக்கழகத்திலும் இடம் எடுத்தது பெரிய காரியம். சனிக்கிழமை பரிசு வாங்க மேடை ஏறும்போது அவர்கள் முறைப்படி தன் நாலு வழியையும் தங்கள் பாஷையில் சொல்லவேண்டும், முதலில் தாய் வழி, பிறகு தகப்பன் வழி, பிறகு தாயின் தகப்பன், கடைசியில் தகப்பனின் தகப்பன். பட்டணத்தில் வளர்ந்தபடியால் உச்சரிப்புப் பிழைக்கும், சிரிப்பார்கள், பெயரை மட்டும் இங்கிலீசில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன் என்கிறாள். வெட்கப்படாதே என்று நீ சொன்னதற்கு, டீச்சர் உங்கள் நாலையும் எப்போதாவது எங்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டுவிட்டாள். கெட்டிக்காரி. இப்போது அவளுக்கு முன்னம் நீ ஏறிச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய், சொல்லத்தான் உன்னிடம் ஒன்றுமில்லை. அதற்குக் காரணம் நான்.

தாய் வழிதான் முதல் என்றதும் அம்மாவுக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு, அது விளங்கின சனமப்பா, உங்கடை ஆக்கள் மாதிரியில்லை என்றாள். ஆகவே முதலில் அவளுடைய தாய் பொன்னி, சுருட்டுச் சுற்றினவர். இரண்டாவது என் தாய் வள்ளி, பனை ஓலையில் பெட்டி கடகம் இழைத்தவர். மூன்றாவது அம்மாவின் தகப்பன் சின்னவர், ஊர் முழுக்க வேலி அடைத்தவர். நாலாவது என் அப்பு, பனை ஏறினவர், காலையில் இருபது மரம் பின்னேரம் இருபது மரம். நிருஷா பேனையை நிறுத்தி இதையும் எழுதவோ மாமா என்று கேட்டாள். எழுது பிள்ளை என்றேன்.

ஊரில் சின்னப் பெடியன்களும் அப்புவைக் கந்தன் என்றுதான் கூப்பிட்டார்கள், ஒருவரும் கந்தர் என்று சொன்னதில்லை. நான் படிக்காததற்கு வறுமை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வறுமையும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க பனை ஏறுகிறவர்களின் பிள்ளைகள் என்று எங்கள் மூன்று பேரையும் நிலத்தில் இருத்தினார்கள், மூன்றாம் நாள் அப்பு வந்து பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார், அதோடு என் படிப்பு சரி. இங்கே வந்த பிறகும் ஊரைச் சொன்னால் இன்ன ஆக்கள் என்று கண்டுபிடிப்பார்கள் என்று, ஊர் எது என்று கேட்ட எல்லாருக்கும் யாழ்ப்பாணம் டவுன் பக்கம் என்றேன். தமிழ்ப் பள்ளியில் கேட்டால் அப்படியே சொல் என்று உனக்கும் பழக்கினேன். இந்த முறை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரில், எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற விஜயரத்தினம், டவுனிலை எவடம் அண்ணை என்று விடாமல் கேட்டான். செருப்பைத் தேடவேணும் என்று எழும்பிவிட்டேன், செருப்பு என் காலடியிலேயே கிடந்தது.

உன் போன் வந்த பிறகு யோசித்தேன். அந்தப் பிள்ளை தன் வழியைச் சொல்ல வெட்கப்படக்கூடாது என்கிறாய், நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த உன் வாயால் அதை எப்படிச் சொல்வாய். நேற்று விஜயரத்தினத்துக்குப் போன் எடுத்து நான் பனை ஏறின கந்தரின் மகன் என்றேன். அவன் ரீவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, அதுக்கு ஏனண்ணை செருப்புத் தேடினனீங்கள் என்றான். இனி வீட்டுப் பக்கம் வருவானோ தெரியாது. வந்தால் தேத்தண்ணி இருக்கு.

ஷான்டீனுக்கு என் ஆசீர்வாதம், உச்சரிப்புப் பிழைத்தாலும் நாலையும் சொல்லட்டும், சிரிக்கிறவன் சிரித்து முடிய மற்ற மூன்றைச் சொல்லலாம். நீ தமிழிலேயே சொல்லு. குளிருக்கு உடுப்புப் போடு, நேரத்துக்குச் சாப்பிடு. நிருஷா இதைப் படம் எடுத்தும் அனுப்புவாள், சனிக்கிழமைக்கு முன் நாலு தரம் சொல்லிப் பார், கடைசிப் பெயரில் அந்த ‘ர்’ ஐ மட்டும் விட்டுவிடாதே.

நீ நீடூழி வாழவேண்டும். என் கையெழுத்து ஜெர்மன் எழுத்தில்தான் வரும், இன்றைக்கு நிருஷா தனித்தாளில் எழுதித் தந்ததைப் பார்த்து நானே தமிழில் போடுகிறேன்.

இப்படிக்கு அப்பா,
கந்தர் மகன் நவரத்தினம்