லாக் புக்குக்கு பைண்டிங் போட்ட கதை

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, யாரோடும் சண்டை போடாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சண்டை என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, போன வாரம் போனில் நீ போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் கேட்டிருக்கிறது, விமானம் ஓட்டுற பொண்ணுக்கு மைக் எதுக்கு, அங்கேருந்து கத்தினாலே கேக்குமே என்கிறாள்.

நடந்ததை ஒப்புக்கொள்கிறேன். விசாவுக்கு வேண்டும், பயிற்சிப் பள்ளியில் பறந்த மணியெல்லாம் எழுதிய பழைய லாக் புக்கை அனுப்பி வை என்று சொன்னாய். அலமாரியிலிருந்து எடுத்தால் முதுகு பிய்ந்து தாள் தாளாகத் தொங்குகிறது. இருபத்தாறு வருஷமாக ஊரார் புத்தகத்துக்கெல்லாம் பைண்டிங் போடுகிறவள் பெற்ற பெண், இப்படி ஒரு கந்தலை வெளிநாட்டு அதிகாரி முன்னால் நீட்டினால் என் மானம் என்ன ஆவது? கடைக்குக் கொண்டுபோய்த் தைத்து, நீலக் காலிகோ துணி அட்டை போட்டு, பிரஸ்ஸில் ஒரு நாள் வைத்து, கைப்பழக்கத்தில் கட்டிங் மெஷினில் கொடுத்து மூன்று பக்கமும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெட்டிவிட்டேன். ஓரம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன், அவரும் தடவிவிட்டு பலே என்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடி ஓரத்திலும் தலைமைப் பயிற்சியாளர் போட்டிருந்த கையெழுத்து அதோடு போனது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. கையெழுத்து இல்லாத மணி சேராது, இருநூற்றுப் பத்து மணி போச்சு, மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் அத்தாட்சி வராவிட்டால் விண்ணப்பமே போச்சு, அடுத்த மாதம் வயசு ஏறினால் மார்க்கும் குறையும் என்று புத்தகம் கைக்கு வந்த அன்று நீ போனில் கத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. வயசுக்கு மார்க், படிப்புக்கு மார்க், பறந்த மணிக்கு மார்க் என்று அடுக்கினாயே, பெற்றவளுக்கு எத்தனை மார்க் என்று கேட்க வாயெடுத்தேன், அப்பா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார்.

மறுநாளே கடையில் கழிவுச் சாக்கைக் கவிழ்த்தேன். பழைய பேப்பர்காரர் அந்த வாரம் வரவில்லை, தப்பித்தோம். பள்ளி நோட்டு, கம்பெனி டைரி என்று எல்லா ஓரமும் கலந்து கிடக்க, குப்பைக்குள் உட்கார்ந்து உன் பக்கத்துத் துண்டுகளைப் பொறுக்கினேன், பதினெட்டு கிடைத்தது. அதைக் கவரில் போட்டுக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். தலைமைப் பயிற்சியாளர் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, என் கையெழுத்தை இவ்வளவு நேரா யாரும் வெட்டினதில்லம்மா என்று சிரித்தார். பிறகு பள்ளிப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பறப்பாக ஒத்துப் பார்த்து, மொத்த மணியையும் ஒரு கடிதத்தில் எழுதி, கையெழுத்து பைண்டிங்கில் வெட்டுப்பட்டது என்றும் சேர்த்து எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நீ முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று இறங்கப் பயந்து மூன்று தரம் சுற்றினாயாமே, எங்களிடம் மூச்சு விடவில்லையே, கள்ளி. கிளம்பும்போது, இந்த விசா கிடைச்சா அவ அங்கேயே இருந்துடுவாளே, தெரியும்ல என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி. அந்தக் கடிதம் திங்கட்கிழமையே என் கைக்கு வந்துவிட்டது, இன்று வியாழன். கூரியரில் போட்டாச்சா என்று அப்பா தினமும் கேட்டார். கூட்டம், மழை, கடையில் அவசர வேலை என்று தினமும் ஒன்று சொன்னேன். மழையே பெய்யவில்லை. நேற்று அவர் நேராகவே, வேணும்னே வெட்டினியா என்று கேட்டுவிட்டார், எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெட்டியது சத்தியமாகத் தெரியாமல் நடந்தது. மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தது தெரிந்துதான். இது போய்ச் சேராவிட்டால் அங்கே வேலை ஒப்பந்தம் முடிந்து நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று ஆசைதான், வேறென்ன. வந்து இங்கே எதை ஓட்டுவாய் என்று அப்புறம்தான் யோசித்தேன். வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாயே, மொட்டை மாடியில் நின்று சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று சொல்வாய், பிறகு சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். அந்த முகம் ஞாபகம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதைக் கூரியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கவுண்டர்காரர் இரண்டு தரம் கடிகாரத்தைக் காட்டிவிட்டார்.

கவரைப் பார்த்துக் கிழி, அவசரத்தில் நீ என்னை உரித்து வைத்தவள். கிடைத்த அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. எங்கே பறந்தாலும் நல்லபடியாக இறங்கு, நூறு வயசு நன்றாக இரு, கண்ணு. விசா வந்ததும் முதலில் எனக்குச் சொல். நான் அழுவேன். அதை, அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

என்றும் உன்னைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கும்,
அம்மா