சணப்பைக்குள் ஒரு தடம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அத்தை எழுதுவது. நீங்களும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

போனில் பேசினால், நான் பாதி சொல்வதற்குள் “சரி அத்தை, சரி அத்தை” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

குழந்தையின் போட்டோவைப் பின்வீட்டு டீச்சர் காட்டினாள். முன்பல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. சிரிக்கும்போது கண்ணைச் சுருக்குவது அப்படியே அவள் அம்மா. தலையை யார் வாரிவிடுகிறார்கள்? வகிடு எங்கேயோ போகிறது.

டிராக்டர்காரர் வந்திருந்தார். நிலத்தை அவருக்குக் குத்தகைக்கு விட நீங்கள் சம்மதித்துவிட்டீர்களாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும், நிலம் உங்கள் பேரில் இருக்கிறது. “இந்தக் காட்டை வெட்டித் தள்ளிட்டு ஒரு தடவை களை மருந்து அடிச்சா சுத்தமாயிடும் பாட்டி” என்றார். அவர் தலையில் கறுப்பு முடி ஒன்று இல்லை, நான் அவருக்குப் பாட்டியாம். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் காடு என்றது தழை உரத்துக்குப் போடுகிற சணப்பைச் செடியை. என் மகள் போன பிறகு நிலத்தைக் கோரைக் களை மூடிவிட்டது. குனிந்து கொத்த எனக்கு இடுப்பு இல்லை. விவசாய ஆபீஸ் பெண்தான் விதை கொடுத்தாள். நெருக்கமாகத் தூவுங்கள், வெயில் கீழே இறங்காவிட்டால் களை தானே சோர்ந்துபோகும் என்றாள். நம்பாமல்தான் தூவினேன். இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. விலக்கிப் பார்த்தால் அடியில் வெளுத்துப்போன கோரை நாலு, ஊசி மாதிரி. ஒரு சொட்டு மருந்து இல்லை.

பூ எடுத்ததும் உருளையை ஓட்டிச் செடியைப் படுக்க வைக்க வேண்டுமாம். பாய் விரித்த மாதிரி கிடந்து களையை எழவிடாதாம். விட்டுவைத்தால் விதை கொட்டி, அப்புறம் இதுவே களையாகிவிடும். பூ எடுத்துவிட்டது மாப்பிள்ளை. நான் இன்னும் படுக்க வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலையில் போனால் சணப்பைக்குள் ஒரு தடம் தெரிகிறது. செடி ஒடியவில்லை. ஒரு ஆள் நடந்த அகலத்துக்குச் சாய்ந்து நிற்கிறது. மேற்கு வயல்காரர் பார்த்துவிட்டு, “மாடுதான் அக்கா, வேற யாரு வரப்போறா” என்றார். மாடு என்றால் ஒரு இலைகூடக் கடிக்காமலா போகும் என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்த வரப்பில் வருவதையே விட்டுவிட்டார்.

மோட்டார் அறைப் பக்கம் தொடங்கி நேராகக் கிழக்கு வரப்புக்குப் போகிறது. அங்கே திரும்பி, ஒரு கை தள்ளி, மறுபடி நேராக வருகிறது. மருந்து அடிக்கிறவர்கள் நடக்கிற நடை அது. நடு நிலத்தில் நின்றுவிடுகிறது. வெளியே வந்த தடம் இல்லை. என் மகள் அன்றைக்கு முதுகிலிருந்து மருந்து டேங்கை இறக்கிவைத்தது அந்த இடத்தில்தான்.

எல்லாருக்கும் வயசானால் மறக்கிறது. எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது. நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “நான் வர்றதுக்குள்ள மருந்து அடிச்சு முடிச்சுடு” என்றீர்கள். “டேங்க் ஒழுகுதுங்க, வாஷர் மாத்தணும்” என்றாள். “துணியைச் சுத்திக்கோ” என்றீர்கள். அவளும் ஒரு பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டாள். அந்தத் துண்டு நனைந்து, அவள் முதுகும் நனைந்து, தோல் வெந்துபோனதை நான்தான் துடைத்தேன். நீங்கள் வந்து சேர்ந்தபோது மூடிக் கிடத்தியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மூச்சு விட முடியாமல் கிடந்தபோதும் அவள் கேட்டது குழந்தையைப் பற்றி இல்லை. “மீதி நிலத்துக்கு யாரும்மா அடிப்பா, அவர் வந்து கேப்பாரே” என்றாள். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் வரப்பில் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். களை இல்லடி, செத்துப்போச்சு, நீ வாடி என்றேன். மறுநாள் தடம் இன்னொரு வரிசை கூடியிருந்தது. என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்? வேண்டாம் என்றதையெல்லாம் செய்தாள், உங்களைக் கட்டிக்கொண்டது உட்பட. உங்கள் பேச்சை மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை.

டிராக்டர்காரரிடம் களை மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வேறு எதை வேண்டுமானாலும் விதைக்கட்டும், அந்த மருந்து மட்டும் வேண்டாம். மறுபடி அந்த வாசம் எழுந்தால், தன் வேலைதான் என்று டேங்கைத் தூக்க வந்துவிடுவாள்.

லீவு கேட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். உருளைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதை ஓட்டுவதற்கு முன்னால் நீங்கள் வரப்பில் நின்று, வேலை முடிந்துவிட்டது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அழ வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கட்டும். தெற்குப் பக்கம் பிஞ்சு விட ஆரம்பித்துவிட்டது. தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். மனசாரத்தான் எழுதுகிறேன். அவளுக்குப் போதும் என்று சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அத்தை