அக்கா தலையாட்டிய சனிக்கிழமை

கிள்ளான்,
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் கூப்பிட்டால் "ம்", "அப்படியா" என்கிறாய். கடிதத்தில் "ம்" போட்டு அனுப்ப முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய மாதவி, பையை எடுத்துக்கொண்டு பூச்சோங்கில் தன் தங்கை தாமரை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்படி என்ன சொல்லிக் கொடுத்தாய்? நீ பிரிக்பீல்ட்ஸ் காலேஜில் கவுன்சலிங் அறிமுக வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் பெண்டாட்டி வீட்டில் இல்லை.

நீயே போய் அவளைக் கூட்டி வா. நீ சொன்னால் யாரும் கேட்பார்கள்.

தம்பி,
யுகேந்திரன்


பெட்டாலிங் ஜெயா,
15 மே 2024

அன்புத் தம்பிக்கு,

நான் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

வகுப்பில் ஒரு பயிற்சி. ஒருவரை உட்காரவைத்து அரை மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று விரிவுரையாளர் டொரத்தி சொல்லியிருந்தார். எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மாதவியைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே வந்தாள். ஆரம்பித்தவள் விளக்கு வைக்கும் நேரம்வரை பேசினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில், "இப்பதான் அண்ணி, எனக்கே புரியுது" என்று எழுந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதே. அதை வெளியே சொல்லக் கூடாது. கூட்டி வரவும் நான் போக மாட்டேன். நீ போ.

ஃபிரிட்ஜில் நான் கொடுத்த மீன் சம்பால் இருக்கும். சாப்பிடு.

அக்கா,
குமுதா


கிள்ளான்,
19 மே 2024

அக்கா,

இரகசியமா? உனக்கா? பெரியப்பாவுக்கு மூல ஆபரேஷன் ஆனது ஒரு கல்யாண மண்டபத்துக்கே தெரிந்தது யாரால்?

நீ காட்டிய வீட்டைத்தான் வாங்கினேன். நீ சொன்ன காரைத்தான் ஓட்டுகிறேன். மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில் திரைச்சீலைக்கு நிறம் பார்த்தது நீ. மாதவி எதைக் கேட்டாலும், "அக்காகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றுதான் சொல்வேன். அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறேன். இப்போது வாயைத் திறந்து கேட்கிறேன், நீ வாயை மூடிக்கொள்கிறாய்!

நான் போகட்டுமா, அவளாக வரட்டும் என்று இருக்கட்டுமா? போனால் முதலில் என்ன பேச வேண்டும்? எந்தச் சட்டை? இதற்காவது பதில் எழுது. வேலைக்குத் தெலுக் பங்லிமா காராங் போகிற வழியெல்லாம் இதே யோசனை, நேற்று ஒரு லோரியில் இடிக்கப் பார்த்தேன்.

சொந்தக்காரியை வைத்துப் பயிற்சி செய்தாய் என்று உன் டொரத்திக்கும் எழுதிவிட்டேன்.

யுகேந்திரன்


பெட்டாலிங் ஜெயா,
26 மே 2024

தம்பிக்கு,

உன் புகார் போய்ச் சேர்ந்தது. என் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரை உட்காரவைத்து மறுபடி செய்ய வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறை காலேஜ் படி ஏறியவள் நான். சந்தோஷமா உனக்கு?

எந்தச் சட்டை என்ற கேள்விக்குப் பதில் எழுதினேன். என்ன பேசுவது என்பதற்கும் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீயே ஒருமுறை படித்துப் பார், தம்பி. இதற்கு மேல் நான் எழுதினால் அவள் சொன்னதைச் சொன்னதாகிவிடும்.

குமுதா


கிள்ளான்,
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பூச்சோங் போனேன். சட்டையை நானே எடுத்துப் போட்டேன். பட்டன் ஒன்று இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்த தாமரை, "ஓ, மாமாவா! உங்க அக்கா பர்மிஷன் கொடுத்துட்டாங்களா?" என்றாள்.

மாதவி எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்ததும், "கொஞ்சம் சும்மா இருங்க லா" என்றாள். இருந்தேன். தலையாட்டவில்லை, எனக்கு அது வராது. நீ கிழித்துப் போட்டதை எல்லாம் அவளே சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பேசி முடித்துவிட்டு ஒன்று கேட்டாள். "இப்பவே சொல்லுங்க. நாளைக்கு இல்ல. போனைத் தொடாதீங்க." அப்போதுதான் பார்க்கிறேன், என் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. வெறுங்கையாக வெளியே எடுத்தேன். பதில் சொன்னேன்.

பிறகு உள்ளே திரும்பி, "தாமரை, இவருக்கும் சேர்த்து அரிசி போடு" என்றாள்.

இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

டொரத்திக்கு நான் எழுதியிருக்கக் கூடாது. மாதவி என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். கோபத்தில் இல்லை. அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

தம்பி,
யுகேந்திரன்


பெட்டாலிங் ஜெயா,
6 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன், மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன்.

அப்படி என்னதான் கேட்டாள்? வீட்டைப் பற்றியா? வேலைக்குப் போவதைப் பற்றியா? நீ என்ன உளறி வைத்தாய்? நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லாதே.

அக்கா,
குமுதா