பேசப்படாத தூதர் உரை

அனுப்புநர்:
நிரூபா கருணாகரன்,
உறுப்பினர், வாசகர் வட்டம்,
ஸ்ட்ராத்ஃபீல்ட்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வைகறைத் தமிழ் மன்றம், சிட்னி.

பொருள்: திருமதி விமலாதேவி அவர்களின் உரையை அவர் உயிருடன் இருக்கும்போதே கேட்டல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதலில் மருத்துவமனைக்குத்தான் தொலைபேசினேன். ஆசிரியை விமலாதேவியால் இன்னும் பேச முடிகிறதா என்று கேட்டேன். முடிகிறது, ஆனால் குரல் குறைந்து வருகிறது என்றார் தாதி. அதனாலேயே இம்மனுவைப் பிற்போடாமல் எழுதுகிறேன்.

2. கடந்த ஞாயிறு லிட்கம் மண்டபத்தில் நடந்த ஆண்டுவிழாவின்போது தாங்கள் மெல்பேர்னில் இருந்தீர்கள். அன்று சிறப்புரை விமலாதேவியுடையது. மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் மருத்துவர் அனுமதித்திருந்தார். கையொப்பமிட்டு அழைத்து வந்தவள் நான்.

3. முந்தைய நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசர்களின் தூதர்களாக இருந்தவர்களைப் பற்றியது அவ்வுரை. அயல் அரண்மனையில் தூதர் தம் அரசராகவே கருதப்பட்டார். அவர் ஓரடி பின்வாங்கினால் அரசரே பின்வாங்கியதாகும். குறுகிய தெருவில் எதிரெதிரே வந்த இரு தூதர்களின் வண்டிகள் வழிவிட மறுத்து நின்றதுண்டாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊர் திரும்ப அனுமதி கேட்டு எழுதி, பதில் வராமலே அங்கேயே இறந்தவர்களைப் பற்றி மேடையில்தான் சொல்வேன் என்றார். அதை அவர் எழுதி வைக்கவில்லை.

4. குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றுவது யார் என்பதில் விருந்தினர் இருவருக்கிடையே தகராறு எழுந்தது. “அழைப்பிதழ்ல என் பேர்தானே முதல்ல இருக்கு” என்றார் திரு. வரதராஜன். “நான் விட்டுக்குடுத்தா எங்கட சங்கமே விட்டுக்குடுத்த மாதிரி” என்றார் திரு. விக்னராஜா. சக்கர நாற்காலியிலிருந்த விமலாதேவி என் கையைத் தட்டி, “நிரூபா, நான் சொல்ல வந்ததை இவையள் நடிச்சே காட்டுகினம்” என்றார். அப்போது நானும் சிரித்தேன்.

5. இருவரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதற்காகப் பிளாக்டவுனில் ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது குத்துவிளக்கை எடுத்துவர ஆள் அனுப்பப்பட்டது. அது வந்து, ஏற்றி, பொன்னாடைகள் போர்த்தி முடிவதற்குள் நாங்கள் புறப்பட வேண்டியதாயிற்று. காரில் அவர் போர்த்தியிருந்த சால்வையை மடித்து மடித்துப் பிரித்தார்.

6. செயலாளரிடம் முறையிட்டேன். “அடுத்த வருசம் ரீச்சரின்ர பேரில நினைவுப் பேருரை வைப்பம். நீங்களே பேசலாம்” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். விமலாதேவி இன்னும் இறக்கவில்லை, ஐயா.

7. ஆகவே, வரும் சனிக்கிழமை தாங்களும் செயற்குழுவினரும் மருத்துவமனைக்கு வந்து அவ்வுரையைக் கேட்குமாறு வேண்டுகிறேன். விளக்கு வேண்டாம், அங்கே ஒட்சிசன் ஓடுகிறது, தீ ஆகாது. வரவேற்புரையும் வேண்டாம். அவருக்கு அவ்வளவு மூச்சு இல்லை.

8. தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும், அவர் இல்லாத மேடையில் அவருடைய உரையை நான் பேசப்போவதில்லை. இதைச் செயலாளருக்கு இன்னும் அறிவிக்கவில்லை. விமலாதேவியிடமும் சொல்லவில்லை.

இங்ஙனம்,
நிரூபா கருணாகரன்

இடம்: ஸ்ட்ராத்ஃபீல்ட்
நாள்: 16.10.2025