வாசம் இல்லாத எட்டுச் சொட்டு

9 மார்ச் 1948, செவ்வாய்

அப்பாவின் மருந்தை இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். பழைய ரத்தப் புற்று போதாதென்று, அதைவிட வேகமான இன்னொன்று ரத்தத்தில் தோன்றியிருக்கிறதாம். "இந்த மருந்தாலயா?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாதும்மா" என்றார்.

ஆறு வருடமாக அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டவள் நான்.

மருந்து கொடுத்த முதல் நாள் நான் பள்ளிக்கூடத்துப் பெண். பாட்டிலில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூடியைத் திறந்ததும் பூ வாசம் அடித்தது. சங்கு குளிக்கிற அப்பா சிரித்தார். "எட்டுச் சொட்டுதானா, ஏளா? நீ எட்டு எண்ணுததுக்குள்ள நான் கடலடியத் தொட்டுருவேன்." மகள் இங்கிலீஷ் படித்து மருந்து கொடுக்கிறாள் என்று தெருவெல்லாம் சொன்னார். நான் பி.ஏ. தேறிய அன்றுகூட அவ்வளவு பூரிக்கவில்லை.

இன்று சாயங்காலமும் தம்ளரை நீட்டினார். சொல்ல வாய் வரவில்லை. வெறும் தண்ணீரை எட்டுச் சொட்டு எண்ணி விட்டேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னைக்கு அந்தப் பூ வாசம் இல்லியே, ஏளா."

தலை குனிந்துகொண்டேன்.

"சரி, இருக்கட்டும். நாளைக்கும் நீதான் எண்ணி விடணும்" என்று தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.